மருந்தும் உணவும் வீடும்: சென்னை ஆய்வின் மறுவாசிப்பு



நுரையீரல் மருத்துவத்தை வாழ்நாள் பணியாகத் தேர்வது பற்றிய ஒரு கருத்தரங்கு, அத்துறையின் பெரிய மருத்துவமனைகள் உள்ள சென்னையிலோ வேலூரிலோ கூடாமல், காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வர வேண்டிய கொல்லிமலையில் கூடியிருப்பது அமைப்பாளர்களின் தெளிவான நோக்கத்தைக் காட்டுகிறது. இத்தகைய அவைக்குத் தலைமை ஏற்பது பெருமை தருவது. ஆயினும், துறையின் மூத்த ஆசிரியர்கள் பலர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, அவர்களுள் சிலர் நெடுங்காலமாகக் கற்பித்து வந்த ஒரு கருத்தை மறுக்க வேண்டியிருப்பதால், அப்பெருமையோடு சிறிது அச்சமும் கலந்தே இவ்வுரை தொடங்குகிறது.

கருத்தரங்கின் பொருளைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. பயிற்சி மருத்துவக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., நீட் முதுநிலைத் தேர்வு, மூன்றாண்டு எம்.டி., மேலும் விரும்புவோர்க்கு மூன்றாண்டு டி.எம். என்னும் படிகள் அவையோர் அறிந்தவை. மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய நெகிழ்குழாயைச் செலுத்தி உட்புறத்தைக் காணும் பிராங்கோஸ்கோப்பி, ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமெட்ரி, தீவிர சிகிச்சைப் பிரிவின் செயற்கைச் சுவாசக் கருவி ஆகியவற்றில் தேர்ச்சி பெற்ற இளைஞர்களுக்கு, கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின் நகர மருத்துவமனைகளில் நல்ல வரவேற்பு இருக்கிறது. அதே வேளையில், 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட குறைந்தபட்சத் தேவை விதிகளில், புதிய மருத்துவக் கல்லூரிகளுக்குக் கட்டாயமான துறைகளின் பட்டியலில் நுரையீரல் மருத்துவம் இடம்பெறவில்லை. பெருந்தொற்று ஓய்ந்த சூட்டோடு எடுக்கப்பட்ட அந்த முடிவு தவறானது என்பதில் இந்த அவைக்குள் கருத்து வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை. அதனைத் திருத்தும் வழிகளைப் பிற்பகல் அமர்வு ஆராயும். இவ்வுரை எடுத்துக்கொள்வது வேறொரு பொருள்: அந்த இளைஞர்கள் எதைப் படித்து வருகிறார்கள், எதைப் படிக்காமலே வருகிறார்கள் என்பது.

இந்தியாவின் நுரையீரல் மருத்துவ மாணவர் எவரும் பெயரளவிலேனும் அறிந்திருக்கும் ஆய்வு ஒன்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சியே. வாலஸ் பாக்ஸ் தலைமையில் அம்மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. பாஸ் என்பது பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தின் சுருக்கப் பெயர். நாள்தோறும் பெரிய அளவில் விழுங்க வேண்டிய, வயிற்றைப் புரட்டும் மருந்து அது. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த முடிவு, நெரிசலான வீட்டில் அரைவயிற்றுச் சோற்றோடு இருந்தவரும், காற்றோட்டமான சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றவரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததைக் காட்டியது. வீட்டிலிருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதும் அடுத்த ஆண்டு வெளியான தொடர் ஆய்வில் தெரியவந்தது. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவதற்கு இதுவே பெரிய காரணமாயிற்று.

இந்த அளவுக்குப் பாடநூல்கள் சரியாகவே சொல்கின்றன. குறை, அவை சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. மூல அறிக்கையை முழுமையாகப் படிப்பவருக்கு, அங்கே வீட்டுச் சிகிச்சை என்பது மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக இருக்கவில்லை என்பது முதல் சில பக்கங்களிலேயே விளங்கும். மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி நோயாளியின் வீட்டுக்குச் சென்று, மீதமிருந்த மருந்தை எண்ணினார்கள். அங்கேயே சிறுநீரைப் பெற்று, பெரிக் குளோரைடு சேர்த்தால் ஏற்படும் நிறமாற்றத்தைக் கொண்டு பாஸ் உடலுக்குள் போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரையும் மீண்டும் மீண்டும் பரிசோதித்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். அறிக்கையின் தலைப்பில் உள்ள வீடு என்னும் சொல்லுக்குப் பின்னால் இத்தனை மனிதர்களின் நடையும் கணக்கும் இருக்கின்றன. பிற்காலம் அந்த ஆய்விலிருந்து படுக்கை தேவையில்லை என்பதை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை விட்டுவிட்டது. முன்னது செலவைக் குறைப்பது, பின்னது செலவைக் கூட்டுவது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தென்படவில்லை.

இனி உணவைப் பற்றிய வழக்கு. அதே மையத்தார் 1961இல், காசநோய்ச் சிகிச்சையில் உணவின் பங்கை ஆராய்ந்து மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். சானடோரியத்தில் இருந்தவர்கள் உண்ட உணவு எல்லா வகையிலும் மேலானது, அவர்களுடைய எடையும் கூடுதலாக ஏறியது. எனினும் நோய் தணிந்த விகிதத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. இதிலிருந்து, காசநோய்க்கு மருந்தே போதும், உணவு இரண்டாம் பட்சம் என்ற வாய்பாடு பிறந்தது. பல தலைமுறை ஆசிரியர்கள் அதைக் கரும்பலகையில் எழுதினார்கள். அவர்களுடைய புலமைக்கும் உழைப்புக்கும் இத்துறை கடன்பட்டிருக்கிறது. ஆனால் அந்த வாய்பாடு மூலக் கட்டுரை சொல்லாததைச் சொல்கிறது என்பதை மரியாதையோடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. மருந்து தவறாமல் உட்கொள்ளப்பட்டால், குறைந்த உணவு குணமடைவதைத் தடுக்குமா என்பதே அக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. உணவு குறைந்த வீட்டில் அடுத்தவருக்கு நோய் வருமா என்பதையும், எலும்பும் தோலுமாக வந்து சேரும் நோயாளி மருந்து வேலை செய்யும் வரை உயிரோடு இருப்பாரா என்பதையும் அது ஆராயவில்லை. ஒரு வினாவுக்குக் கிடைத்த விடையை இன்னொரு வினாவுக்குப் பொருத்தியதே இங்கு நேர்ந்த பிழை.

விடுபட்ட அந்த வினாக்களுக்கு விடை கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் ஜார்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடத்திய ரேஷன்ஸ் ஆய்வின் முடிவுகள் 2023 ஆகஸ்டில் லான்செட் குழும இதழ்களில் வெளிவந்தன. 2,800 காசநோயாளிகளும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரும் அதில் இடம்பெற்றனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப்பொருள் தரப்பட்டது. குடும்பத்தாரில் ஒரு பிரிவினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கிடைத்தன. அவ்வாறு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. சளியில் கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. சிகிச்சையின் தொடக்கத்திலேயே எடை கூடிய நோயாளிகளிடம் இறப்பும் குறைந்திருந்தது. ஒரு தடுப்பூசியிலிருந்து எதிர்பார்க்கத்தக்க பலனை அரிசியும் பருப்பும் தந்திருக்கின்றன. சென்னை ஆய்வை இது பொய்யாக்கவில்லை. சென்னை ஆய்வின் பெயரால் சொல்லப்பட்டதையே பொய்யாக்குகிறது.

இந்த இடத்தில், துறையின் வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளோடு கடந்துபோகப்படும் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்துவை நினைவுகூர்வது பொருந்தும். இங்கிலாந்தின் மென்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்தியவர், 1917இல் கணிதமேதை இராமானுஜன் சில காலம் தங்கிய மருத்துவமனை அவருடையது, 1928இல் தாம்பரம் சானடோரியத்தை நிறுவியவர், பின்னர் 1937இல் அரசு அதை ஏற்றது என்னும் செய்திகளோடு அவர் கதை முடிக்கப்படுகிறது. தொற்றைக் குறைத்து மதிப்பிட்ட பழமைவாதி என்ற தீர்ப்பும் உடன் வருகிறது. தொற்று பற்றி அவர் கொண்டிருந்த ஐயம் தவறானது என்பதில் மறுப்பில்லை. ஆயினும், வறுமையும் நெரிசலான குடியிருப்பும் பட்டினியும் இல்லாத இடத்தில் இக்கிருமி பெரிதாகத் தலையெடுக்காது என்று அவர் விடாமல் எழுதி வந்ததை, மருந்து கண்டுபிடிக்கப்பட்ட உற்சாகத்தில் துறை மறந்தது. ஜார்கண்டின் அரிசிப் பைகளுக்குப் பின், அந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுதும் கடமை வரலாற்றாசிரியர்களுக்கு இருக்கிறது.

கொல்லிமலைக்கு இவ்வழக்கு மிக நெருங்கியது. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் பெரும்பகுதி, கடந்த சில பத்தாண்டுகளில், சமவெளியின் சேகோ ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக்கு மாறிவிட்டது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் சிறுதானியங்களை மீட்க நெடுங்காலம் உழைத்ததும் இந்த மாற்றத்தை முன்னிட்டே. மரவள்ளி கையில் காசு தருகிறது. ஆனால் கிழங்கில் மாவுச்சத்து உண்டே தவிரப் புரதம் மிகக் குறைவு, சாமைச் சோறும் அவரையும் மொச்சையும் தந்ததை அது தருவதில்லை. ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்த நாளில் அந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்பது, ஆகவே, சமூக சேவகரிடம் விட்டுவிடத்தக்க வேலையன்று. அது நோயறிதலின் ஒரு பகுதி. அடுப்பைப் பார்க்கப் போகும் மருத்துவரின் கண்ணில் அதன் புகையும் படும். எஸ். பத்மாவதி 1959இலேயே, நாள்பட்ட நுரையீரல் கேட்டால் இதயம் தளர்ந்த 127 பேரைத் தில்லியில் ஆராய்ந்து, பெண்களிடம் அந்நோய் மிகுவதற்குச் சமையல் புகையைக் காரணமாகச் சுட்டினார். புகைபிடிக்காத ஒரு மலைப்பெண்ணின் மூச்சிரைப்பை ஆஸ்துமா என்று எழுதி முடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

தமிழ்நாடு அரசு 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே அறுந்த இழையை மீண்டும் முடிந்திருக்கிறது என்பதை மகிழ்ச்சியோடு சொல்லலாம். நோய் உறுதியானவுடனே, ஊழியர் நோயாளியின் உயரத்தையும் எடையையும் பார்க்கிறார். ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுகிறார். விரலில் ஆக்சிமீட்டரைப் பொருத்துகிறார். கணுக்காலை அழுத்தி வீக்கம் பார்க்கிறார். பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொல்கிறார். உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல் ஓடினாலோ, இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 94 விழுக்காட்டுக்குக் குறைந்தாலோ, துணையின்றி நிற்க முடியாவிட்டாலோ அவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியவர். எல்லாருக்கும் படுக்கை வேண்டாம் என்று சென்னை ஆய்வு காட்டியது. யாருக்குப் படுக்கை கட்டாயம் வேண்டும் என்பதை இத்திட்டம் காட்டுகிறது.

இதில் மலைக்கென்று ஒரு நுட்பம் உண்டு, அதன்மீது கருத்து மாறுபாடும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள இம்மலையில் காற்றழுத்தம் சமவெளியை விட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. ஆகவே இங்கு ஆக்சிமீட்டர் 92, 93 என்று காட்டினால் அதை உயரத்தின் விளைவென்று ஒதுக்கலாம் என்பது மதிப்புக்குரிய சிலரின் நிலைப்பாடு. இதனை ஏற்பதற்கில்லை. இவ்வளவு உயரத்தில் நலமாக இருப்பவரின் செறிவு ஓரிரு புள்ளி இறங்குமேயன்றி, 94க்குக் கீழே போவது இயல்பன்று. மார்கழிக் காலையில் சில்லிட்ட விரல் பொய்யான அளவைக் காட்டலாம். விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்த்த பின்னும் 93 என்றால், அது நோயின் எண். மலையின் மீது பழி போட்டு அவரைத் திருப்பி அனுப்புவது, கீழே இறங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய ஒருவரிடம், திரும்ப வராதே என்று சொல்வதற்குச் சமம்.

இவற்றையெல்லாம் ஓர் இளம் மருத்துவர் எங்கே கற்பார்? முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவ அமைப்பில் பணியாற்ற வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் இன்றைய விதி. நடைமுறையில் அந்த மூன்று மாதங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் வார்டுக்குள்ளேயே கழிந்துவிடுகின்றன. நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; சேலம், பெருந்துறைக் கல்லூரிகளும் எட்டும் தொலைவில்தான். இக்கல்லூரிகளுக்கு நுரையீரல் மருத்துவம் பயில வருவோர் தம் மாவட்டப் பணிக்காலத்தில் ஒரு மாதத்தையேனும் கொல்லிமலை, கல்வராயன், ஏற்காடு போன்ற மலைகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கழிக்கவும், அங்குச் சிகிச்சையிலுள்ள ஒவ்வொரு காசநோயாளியின் வீட்டுக்கும் நேரில் சென்று, மாத்திரையையும் எடையையும் அடுப்பையும் உடன் வாழ்வோரையும் பார்த்து எழுதும் குறிப்பைத் தேர்வுக்குரிய பதிவேட்டில் சேர்க்கவும் விதி செய்ய வேண்டும். பிராங்கோஸ்கோப்பி எத்தனை செய்தார் என்று கேட்கும் தேர்வாளர், எத்தனை வீடுகளுக்குள் நுழைந்தார் என்றும் கேட்கட்டும்.

நோயாளிக்கு மாதந்தோறும் வழங்கப்படும் ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் ஜார்கண்டில் நோயைத் தடுத்தது உடன் வாழ்வோரின் தட்டில் விழுந்த சோறு என்பதால், அவ்வுதவி அரிசியாகவும் பருப்பாகவும், இம்மலைக்குச் சாமையாகவும், குடும்பம் முழுமைக்கும் கிடைக்க வேண்டும். இவ்விரண்டு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, மாநிலச் சுகாதாரத் துறைக்கும் தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் அனுப்பிய பின்னரே இந்த அவை கலைய வேண்டும் என்று தலைமை கேட்டுக்கொள்கிறது.