சாலைக் கணக்கு ஊரார் கணக்கே
(ஊர்நலத் தொண்டர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊர்க்குப் புதுச்சாலை போடுகின்றார்கள். சல்லி வந்து இறங்குகின்றது, தார் கொதிக்கின்றது, உருளை ஓடுகின்றது. நாம் திண்ணையில் அமர்ந்து வேடிக்கை பார்க்கின்றோம். அடுத்த மழையில் சாலை அரித்துக்கொண்டு போகின்றது. அப்பொழுது தேநீர்க் கடையில் நின்று, "எல்லாரும் தின்றுவிட்டார்கள்" என்று ஏசிவிட்டு வீடு திரும்புகின்றோம். யார் தின்றார்? எவ்வளவு தின்றார்? எந்தத் தாளில் எழுதித் தின்றார்? கேட்டோமா? பெயரும் அளவும் இல்லாத ஏச்சு எவனையும் சுடாது, தோழர்களே!

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 மீட்டர் நீளமும் 3.75 மீட்டர் அகலமும் உள்ள சாலைக்கு 30 மில்லிமீட்டர் கனத்தில் தார்க்கலவை போடுவதாக ஒப்பந்தம் என்று கொள்வோம். அதற்கு வேண்டிய கலவை 112.5 கன மீட்டர். 20 மில்லிமீட்டர் மட்டும் போட்டால் 75 கன மீட்டரே போதும். கனத்தில் குறைந்தது சுண்டுவிரல் பருமன்தான். களவு போனதோ மூன்றில் ஒரு பங்கு! இதனைக் கண் காணாது, அளவுகோல் காணும்.

ஆனால், 30 என்று எழுதியிருப்பதை அறிந்தாலன்றோ 20 குறைவு என்று சொல்ல முடியும்? அதற்கு மூன்று தாள்கள் நம் கைக்கு வரவேண்டும். முதலாவது திட்ட மதிப்பீடு. எப்பொருள், எவ்வளவு, என்ன விலை என்பதை அது சொல்லும். இரண்டாவது ஒப்பந்தம். எவர், எத்தொகைக்கு, எந்நாளுக்குள் முடிக்க வேண்டும், எத்தனைக் காலத்திற்குள் சாலை கெட்டால் தம் செலவிலேயே செப்பனிட வேண்டும் என்பதை அது சொல்லும். மூன்றாவது அளவுச்சுவடி, அலுவலகத்தார் 'எம் புக்' என்பது இதனைத்தான். பொறியாளர் அதில் எழுதும் அளவின் மேல்தான் பணம் வழங்கப்பெறுகின்றது. சாலையில் குறைந்த கனம் அச்சுவடியில் நிறைந்து நிற்கும்போதுதான் களவு நிறைவேறுகின்றது.

"இவற்றை நமக்குக் காட்டுவார்களா?" என்கின்றீர்கள். காட்டியே ஆகவேண்டும். 1998-இல் தமிழ்நாடு இயற்றிய ஒப்பந்தப்புள்ளிச் சட்டம், எவருடைய புள்ளி ஏற்கப்பட்டது, மற்றையோருடையது எக்காரணத்தால் தள்ளப்பட்டது என்பதை அதற்குரிய ஒப்பந்தப்புள்ளி இதழுக்குத் தெரிவிக்கச் சொல்கின்றது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ தாள்களின் படியை மட்டும் தருவதன்று. பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் அதில் உரிமை உண்டு. விண்ணப்பக் கட்டணம் 10 உருபா. விடைக்குரிய காலம் 30 நாள். நாமே கடப்பாரையால் சாலையைத் தோண்டிவிடக் கூடாது. எழுதிக் கேட்க வேண்டும்.

இவ்வுரிமை வானத்தினின்று விழவில்லை. இராசசுத்தானத்தில், பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் சிற்றூரில், 1994 திசம்பர் 2-ஆம் நாள் ஊரார் கூடினர். மசுதூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழைப்பாளர் அமைப்பு பணிக் கணக்குகளை வாய்விட்டுப் படித்தது. எழுத்தறியாக் கூலி மக்களும், "இவர் அவ்வேலைக்கு வந்ததே இல்லை" என்று எழுந்து சொல்லினர். 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தெருவிலமர்ந்து கணக்குக் கேட்டனர். 2005-இன் சட்டத்திற்கு வித்து அங்கே ஊன்றியதுதான்.

நமக்கு இது புதிதா? உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். முதற் பராந்தகன் காலத்தில், ஏறத்தாழ 1,100 ஆண்டுகட்கு முன் பொறித்தது. ஏரிக்கும் தோட்டத்திற்கும் வாரியம் வைத்தவர்கள், கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் குடவோலைக்கு ஆகாதவர் என்று விலக்கினர். அவ்வவை நிலமும் மறைப்பயிற்சியும் உடையார்க்கே உரியதாயிருந்தது என்பதையும் மறைக்க வேண்டா. அன்று சிலர்க்கே இருந்த கேள்வியுரிமை இன்று எல்லார்க்கும் உண்டு. அதனைப் பயன்கொள்ளாதிருப்பது நம் குற்றமே.

இன்னொன்று. மதிப்பீட்டையும் அளவுச்சுவடியையும் ஆங்கிலத்திலேயே எழுதும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது. ஊரான் படிக்கவியலாத கணக்கு, பூட்டிய பெட்டிக்குள் கிடப்பதற்கு ஒப்பாகும். ஆதலின் தமிழிலேயே கேளுங்கள். தமிழிலேயே விடை வேண்டுங்கள்.

கணக்குக் கேட்டமைக்காக உயிரிழந்தோரும் இந்நாட்டில் உண்டு. எனவே தனியராய்ச் செல்லாதீர்கள், பதின்மராய்ச் செல்லுங்கள். பெற்ற தாள்களைச் சனவரி 26, மே 1, ஆகத்து 15, அத்தோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் ஊரவையில் உரக்கப் படியுங்கள். எவரையும் சான்றின்றிப் பழிக்காதீர்கள். ஒழுங்காகப் போட்ட சாலையாயின் போட்டவரை அவ்வவையிலேயே பாராட்டுங்கள்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் தெருச்சாலையை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். நாளை அலுவலகத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். அவ்விரண்டு தாளும் ஒத்துவரும் நாளில்தான் அச்சாலை நம் சாலை.