அந்த நாற்காலிக்கு என்ன தகுதி?

(செகந்திராபாதில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது பற்றிப் பேசினோம். உட்கார இடமில்லை. இந்த மாதம், ராணுவத் தளவாடத் தொழிலுக்குக் கொள்கை வகுக்கும் பெரிய பதவிகளுக்கு என்ன தகுதி வேண்டும் என்று தலைப்பைப் போட்டோம். உடனே நண்பர்கள் சிலர், "டெல்லியில் எவன் எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நமக்கென்ன அண்ணே?" என்று கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுவோம்.

காலை ஏழு மணிக்கு காஞ்சன்பாக் பக்கம் போய் நின்று பாருங்கள். 1970-ல் தொடங்கிய பாரத் டைனமிக்ஸ், 1973-ல் தொடங்கிய மிதானி, ஏவுகணை ஆராய்ச்சிக் கூடமான டி.ஆர்.டி.எல்., உலோக ஆராய்ச்சிக் கூடம் எல்லாம் அந்த ஒரே வட்டாரத்தில்தான். மேடக் பக்கம் போனால் எத்துமைலாரத்தில் படைக்கலத் தொழிற்சாலை. பாலாநகரிலும் ஜீடிமெட்லாவிலும் செர்லபள்ளியிலும் இந்தப் பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் எத்தனை! வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து இந்தப் பட்டறைகளில் வயிறு வளர்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! நிரந்தர வேலையில் இருப்பவர்கள் சிலர். கான்டிராக்டில் இருப்பவர்களே அதிகம். மேலே ஓர் ஆர்டர் தள்ளிப்போனால் கீழே ஓவர்டைம் நிற்கிறது. ஓவர்டைம் நின்றால் ஊருக்கு அனுப்பும் பணம் குறைகிறது. அந்த ஆர்டரைத் தள்ளிப்போடும் கை எந்த நாற்காலியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

அந்த நாற்காலி செய்கிற வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். படைக்கு வேண்டியவற்றில் எதை இங்கே செய்வது, எதை வெளிநாட்டில் வாங்குவது, இங்கே செய்வதில் எதை அரசு ஆலைக்குக் கொடுப்பது, எதைத் தனியாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பதுதான் அது. 1962-ல் சீனாவோடு போர் மூண்ட பிறகு, அந்த ஆண்டு நவம்பரில் பாதுகாப்பு உற்பத்தித் துறை தனியாகப் பிறந்தது. 2001-ல் தளவாட உற்பத்தியில் தனியாரை அனுமதித்தார்கள். அந்நிய முதலீட்டுக்கு அப்போது 26 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள். 2020-ல் நேரடி அனுமதி வழியில் அதை 74 சதவீதமாக உயர்த்தினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், இன்னின்ன 101 பொருள்களை இனி இறக்குமதி செய்ய மாட்டோம் என்று முதல் பட்டியலை வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட பட்டியலில் ஒரு வரி சேர்ந்தால் பாலாநகரில் ஒரு பட்டறைக்கு வாழ்வு. ஒரு வரி விடுபட்டால் தாழ்வு.

ஆவடியில் உறவுக்காரர் உள்ளவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். அங்கே படை உடைத் தொழிற்சாலையில் சீருடை தைக்கும் தொழிலாளர்களில் பெண்கள் நிறையப் பேர். 2017-ல் சீருடை போன்ற பல பொருள்களை 'முக்கியமற்றவை' என்று வகை பிரித்து, படை அவற்றை வெளிச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். பனிமலையில் நிற்கும் சிப்பாய்க்குச் சட்டை முக்கியமில்லையாம்! பிறகு 2021 அக்டோபர் 1-ந் தேதி, 1801-ல் காசிப்பூரில் வேர்விட்ட படைக்கலத் தொழிற்சாலைகளின் வாரியத்தையே கலைத்து, 41 ஆலைகளை 7 கம்பெனிகளாகப் பிரித்தார்கள். நம் எத்துமைலாரம் ஆலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் கீழ் போயிற்று. (மேடக்கில் இருந்துகொண்டு ஆவடிக்கு மனுப் போட வேண்டியிருப்பது தமிழனுக்குப் பெருமையா, தலைவலியா என்பதை அங்குள்ள தோழர்கள்தான் சொல்ல வேண்டும்.) அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜூனில், வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய அவசரச் சட்டமும் கொண்டுவந்துவிட்டார்கள்.

இந்த மாற்றத்துக்கு யோசனை சொன்ன குழுக்களைப் பாருங்கள். 2000-ல் டி.கே.ஏ. நாயர் குழு, அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அடுத்து விஜய் கேல்கர் குழு. அவர் பொருளாதார நிபுணர். 2015-ல் ராமன் பூரி குழு. அவர் கடற்படையில் வைஸ் அட்மிரலாக இருந்தவர். 2016-ல் ஷேகட்கர் குழு. அவர் ராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரலாக இருந்தவர். எல்லாரும் படித்தவர்கள், அனுபவசாலிகள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளர் பக்கத்திலிருந்து ஒருவர்கூட அந்த நான்கு தலைமை நாற்காலிகளில் உட்காரவில்லை. இதைச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை.

சரி, அந்தப் பதவிக்கு எப்படி வருகிறார்கள்? மந்திரியாக வேண்டுமானால் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தால் போதும். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் ஆகிவிட வேண்டும். படிப்புத் தகுதி எதையும் அரசியல் சட்டம் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதே நம் கட்சி. படித்தவன்தான் ஆள வேண்டும் என்று சட்டம் எழுதியிருந்தால் காமராசர் எங்கே போயிருப்பார்? மந்திரிக்குக் கீழே உள்ள துறைச் செயலாளரோ பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. பிரதமரும் உள்துறை மந்திரியும் அடங்கிய நியமனக் குழு அவரைத் தேர்ந்தெடுக்கிறது. நேற்றுவரை அவர் விவசாயத் துறையில் இருந்திருக்கலாம். நாளை ஜவுளிக்குப் போகலாம். ஓய்வு பெற இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும்போதுதான் பலர் செயலாளராகவே ஆகிறார்கள். ஒரு ஏவுகணை வரைபடத்திலிருந்து படைக்குப் போய்ச் சேரப் பதினைந்து இருபது ஆண்டுகள் பிடிக்கும். இரண்டு ஆண்டு நாற்காலிக்கும் இருபது ஆண்டு வேலைக்கும் எப்படிப் பொருந்தும்?

பொருந்திய காலமும் உண்டு. அது நடந்தது இதே ஐதராபாதில்தான். நடத்தியவர்கள் நம்மவர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

1970-களில் டி.ஆர்.டி.எல்.-லில் வெளிநாட்டு ஏவுகணை ஒன்றைப் பிரித்துப் பார்த்து அதேபோல் செய்ய முயன்றார்கள். அந்தத் திட்டம் முழு வெற்றி காணாமலே நின்றது. 1982-ல் அந்தக் கூடத்துக்கு இயக்குநராக வந்தார் அப்துல் கலாம். இராமேசுவரத்தில் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை. திருச்சியில் படித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானத் தொழில்நுட்பம் பயின்று, 1958-ல் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் அரசு வேலையில் சேர்ந்தவர். பி.எச்.டி. பட்டத்துக்காக அவர் ஆராய்ச்சி செய்ததில்லை. டாக்டர் பட்டமெல்லாம் பல்கலைக்கழகங்கள் மரியாதைக்குக் கொடுத்தவை. ஆனால் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டை 1980 ஜூலையில் விண்ணுக்கு அனுப்பிய அனுபவம் அவர் கையில் இருந்தது.

அப்போது பாதுகாப்பு மந்திரியின் அறிவியல் ஆலோசகர் வி.எஸ். அருணாச்சலம். அவரும் இதே ஐதராபாத் உலோக ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராக இருந்து மேலே போனவர். மந்திரியோ ஆர். வெங்கட்ராமன். பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்துக்காரர். அவர் பொறியாளரல்ல, படைவீரரல்ல. தொழிலாளர் வழக்குகளை நடத்திய வக்கீல். 1949-ல் தொழிலாளர் சட்டத்துக்கென்றே ஒரு சட்ட ஏடு தொடங்கியவர். பிறகு 1957 முதல் 1967 வரை சென்னை மாநிலத்தில் தொழில் மந்திரியாக இருந்தார். கிண்டி தொழிற்பேட்டை எழுந்தது அந்தக் காலத்தில்தான்.

ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம் என்று விஞ்ஞானிகள் திட்டம் கொண்டுபோனார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே திட்டமாக ஏன் செய்யக் கூடாது என்று வெங்கட்ராமன் கேட்டாராம். இதைக் கலாமே எழுதியிருக்கிறார். 1983-ல் 388 கோடி ரூபாய்க்கு அனுமதி வந்தது. 1988 பிப்ரவரியில் பிருத்வி பறந்தது. 1989 மே மாதம் அக்னி பறந்தது. ஆகாஷ் ஏவுகணை இன்றும் காஞ்சன்பாகில் உருவாகிறது.

எல்லாம் வெற்றி என்று சொல்லவும் மாட்டோம். திரிசூலைப் படை ஏற்கவில்லை. 2008-ல் அதைக் கைவிட்டார்கள். ஆகாஷும் நாகும் சொன்ன காலத்துக்கு வெகு காலம் தாண்டித்தான் வந்தன. அந்தத் தாமதத்துக்குப் பல காரணம் உண்டு. இங்கே நாம் கவனிக்க வேண்டியது அந்த மூவர் கூட்டணியின் தகுதியைத்தான். ஒருவருக்கு வேலை தெரியும். ஒருவருக்கு உலோகம் தெரியும், ஆட்சியும் தெரியும். மந்திரிக்குத் தொழிலும் தொழிலாளியும் தெரியும். ஒருவர் கழுத்தில் எல்லாப் பட்டங்களையும் தொங்கவிட்டு அந்தக் காரியத்தைச் செய்துவிடவில்லை.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் ராணுவக் கொள்முதலுக்குப் பொறுப்பான துணைச் செயலாளர் பதவிக்குத் தகுதியைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பொறியியலிலோ உற்பத்தியிலோ நிர்வாகத்திலோ நிறைந்த அனுபவம் வேண்டும். பெரிய சிக்கலான திட்டங்களை நடத்தியிருக்க வேண்டும். ஆளை அதிபர் நியமித்தாலும் செனட் சபை கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் ஏற்கும். 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனித் தலைவர் வில்சனைப் பாதுகாப்பு மந்திரியாக்கியபோது, அந்தக் கம்பெனிப் பங்குகளை விற்றுவிட்டு வா என்று செனட் கட்டாயப்படுத்தியது. 1969-ல் ஹியூலெட்-பேக்கார்டு முதலாளி டேவிட் பேக்கார்டு துணை மந்திரியானபோது தம் பங்குகளை அறக்கட்டளையில் வைத்தார். அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்ல நாம் வரவில்லை. கம்பெனிக்காரன் அரசுக்குள் வருவதும் அரசுக்காரன் கம்பெனிக்குப் போவதும் அங்கே அன்றாடம் நடப்பவை. ஆனால் கேள்வியாவது ஊரறியக் கேட்கிறார்கள்.

நம் நாட்டில், ஓய்வு பெற்ற மூத்த அதிகாரி ஓர் ஆண்டுக்குள் தனியார் கம்பெனியில் சேர வேண்டுமானால் அரசின் அனுமதி வேண்டும். ஓராண்டு கழிந்தால் அதுவும் வேண்டாம். முன்பு அது இரண்டாண்டாக இருந்தது. யாருக்கு ஆர்டர் என்று எழுதிய பேனா, மை காய்வதற்குள் ஆர்டர் வாங்கியவர் மேசைக்குப் போய்விடலாம் என்றால் என்ன அர்த்தம்?

தகுதியை எழுதி வைப்பது சர்க்காருக்கு முடியாத காரியமுமல்ல. 2022 ஜூனில் முப்படைத் தலைமைத் தளபதி பதவிக்கு விதியைத் திருத்தி, 62 வயதுக்குட்பட்ட ஓய்வு பெற்ற லெப்டினன்ட் ஜெனரல்களும் வரலாம் என்று ஆக்கினார்கள். 2018-ல் பத்து இணைச் செயலாளர் பதவிகளுக்கு வெளியாள்களை எடுக்க விளம்பரம் செய்தபோது, 40 வயது, 15 ஆண்டு அனுபவம் என்று போட்டார்கள். தனியார் கம்பெனி அனுபவமும் செல்லும் என்றார்கள். 2024 ஆகஸ்டில் 45 பதவிகளுக்கு அதேபோல் விளம்பரம் வந்தது. இடஒதுக்கீடு எங்கே என்று நாடு முழுவதும் குரல் எழுந்தது; மூன்றே நாளில் வாபஸ் வாங்கினார்கள். வெளியிலிருந்து திறமைசாலி வரக் கூடாது என்பது நம் வாதமல்ல. கம்பெனி மேலாளரின் 15 ஆண்டு அனுபவம் என்றால், பட்டறையில் 30 ஆண்டு நின்றவரின் அனுபவம் அனுபவமில்லையா என்றுதான் கேட்கிறோம்.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் இதோ இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். ஓர் ஆலையில் கடைசல் வேலையில் சேர்ந்து சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றவர். "ஐந்து ஆபீசருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன் தம்பி. ஒவ்வொருவரும் கற்றுக்கொண்டதும் மாற்றலில் போய்விட்டார்கள். ஆறாவது ஆள் வந்தபோது எனக்கு ஓய்வு வந்துவிட்டது" என்று நம்மிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நமக்குச் சிரிப்பு வரவில்லை. சார்ஜ்மேனிலிருந்து ஜூனியர் ஒர்க்ஸ் மேனேஜர் வரை ஏணி இருக்கிறது. அதற்கு மேல் சிலருக்குத்தான் படி. கொள்கை எழுதும் அறைக்கோ ஏணியே இல்லை.

ஆகவே சங்கத்தின் செயற்குழு கூடிப் பேசி, பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறது. பாதுகாப்பு உற்பத்தித் துறையின் மேல்பதவிகளுக்கு வருபவர் குறைந்தது ஐந்தாண்டு அந்தப் பதவியில் இருக்க வேண்டும். அதற்கு முன் ஓர் உற்பத்தி ஆலையிலோ ஆராய்ச்சிக் கூடத்திலோ பொறுப்பு வகித்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அவருக்கும் குடும்பத்துக்கும் எந்தெந்தக் கம்பெனியில் பங்கு இருக்கிறது என்பதை வெளியிட வேண்டும்; ஓய்வுக்குப் பின் ஆர்டர் வாங்கும் கம்பெனியில் சேரும் தடை ஐந்தாண்டாக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். ஆலைகளைப் பிரிப்பது, மூடுவது, விற்பது பற்றி யோசிக்கும் எந்தக் குழுவிலும் தொழிலாளர் தரப்பில் இருவராவது உறுப்பினராக வேண்டும் என்பது கடைசிக் கோரிக்கை. ஐந்தாண்டு என்பது அதிகம், மூன்று போதும் என்று செயற்குழுவிலேயே இரண்டு பேர் வாதாடினார்கள். அதை இன்னும் பேசலாம்.

மனுவின் படிகள் வாசல் பக்கத்து மேசையில் இருக்கின்றன. தெலுங்கில் எழுதிய படியும் உண்டு. ஷிப்டில் உங்களோடு நிற்கும் தெலுங்குத் தோழர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், இது அவர்கள் பிழைப்பும்தான். நிரந்தர வேலையில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். வீட்டிலுள்ள பெண்கள் போடலாம். அடுத்த ஞாயிறு மாலைக்குள் தாள்கள் திரும்பி வந்தால், மறுநாள் தபாலில் சேர்த்துவிடுவோம்.