காரை எண்ணுகிற அரசு ஆளையும் எண்ண வேண்டும்

(ஸ்ரீபெரும்புதூரில் இளைஞர்களும் மாணவர்களும் கூட்டிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அரசின் கொள்கைச் சீர்திருத்தங்களும் தலித் மக்களும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. பொருளாதாரம் படித்த பேராசிரியர் யாராவது பேசியிருக்கலாம். நான் கவிதை எழுதுகிறவன், வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் குமாஸ்தா. ஆனால் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் இந்தச் சீர்திருத்தம் என்கிற சொல் மிதிக்காத வயல் இல்லை. அந்த வயலில் நாற்று நட்டவர்கள் நம் தாய்மார்கள். ஆகவே இதைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இருக்கிறது.

அரசு சீர்திருத்தம் என்று சொன்னால் அது பெரும்பாலும் மூன்று காரியம்தான். நிலத்தைச் சுலபமாக எடுப்பது. ஆளைச் சுலபமாக வேலைக்கு எடுத்து, சுலபமாக வெளியே அனுப்புவது. கம்பெனிக்கு வரியையும் கட்டணத்தையும் விட்டுக்கொடுப்பது. இந்த மூன்றும் சேரியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது, பதிலுக்கு நாம் எதைச் சீர்திருத்தம் என்று முன்வைக்கிறோம் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

முதலில் நிலம்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தரிசு கிடந்தாலும் அதை நம் ஆட்கள் கேட்டால் மிராசுதார்கள் விடமாட்டார்கள் என்பது அந்த அறிக்கையில் உள்ளது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை அதைத் தொடர்ந்து வந்தது. அதன்படி கொடுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியதற்கு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அந்த இரண்டு உயிருக்குப் பிறகுதான் பஞ்சமி நிலம் என்கிற சொல்லே பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியவந்தது.

ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்து இரண்டே வருஷத்தில், 1996இல், இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஹூண்டாய் வந்தது. 2006இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறந்தார்கள். ஒரு பக்கம் பஞ்சமி நிலம் எங்கே என்று கேட்கிறவன் மேல் குண்டு, இன்னொரு பக்கம் கம்பெனிக்கு நிலம் அளக்கச் சங்கிலி. இரண்டுக்கும் ஒரே வருவாய்த் துறைதான்.

நில எடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். 2013இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், பட்டாதாரரை மட்டும் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லவில்லை. அந்த நிலத்தில் மூன்று வருஷமாகக் கூலி வேலை செய்து பிழைத்தவரும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்றது. சமூகத் தாக்க ஆய்வு வேண்டும் என்றது. தமிழக அரசு என்ன செய்தது? தொழில் துறைக்கு நிலம் எடுக்கும் 1997ஆம் வருஷத்துச் சட்டம் உட்படத் தன்னுடைய மூன்று சட்டங்களை அந்த ஆய்விலிருந்து விலக்கிக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் அது செல்லாது என்றது. அதே வருஷம் புதுச் சட்டம் போட்டு மூன்றுக்கும் உயிர் கொடுத்தார்கள். 2021இல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. இந்த மூன்றில் ஒன்றின் பெயரே ஹரிஜன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம்! நமக்கு மூணு சென்ட் மனை கொடுக்கிற சட்டமும், கம்பெனிக்கு முந்நூறு ஏக்கர் கொடுக்கிற சட்டமும் ஒரே வண்டியில் ஏறிப் போயின.

அடுத்து உழைப்பு.

2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. ஒன்று, 12 மணி நேர வேலைக்கு வழி திறந்த தொழிற்சாலைகள் திருத்தம். இன்னொன்று, பெரிய திட்டங்களுக்கு நீர்நிலை உள்ள நிலங்களையும் சேர்த்து ஒருங்கிணைத்துக் கொடுக்கிற சட்டம். முதலாவதை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் எல்லாம் எழுந்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்றார்கள். நல்ல வெற்றிதான். 1946இல், வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் வாரம் 54 மணி நேரத்தை 48 ஆகக் குறைக்க மசோதா கொண்டுவந்தார் என்பதை அந்த மே தின மேடைகளில் எத்தனை பேர் சொன்னார்கள் என்பது வேறு கேள்வி. ஆனால் இரண்டாவது மசோதா? அது சட்டமாக நிற்கிறது. ஏரியும் மேய்க்காலும் போனால் முதலில் வயிறு காய்வது பட்டா இல்லாதவனுக்கு. பட்டா இல்லாதவனுக்கு அன்றைக்குச் சங்கமும் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய 29 சட்டங்களை அதில் கரைத்துவிட்டார்கள். 100 பேருக்கு மேல் உள்ள ஆலையை மூட அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றிருந்ததை 300 ஆக்கினார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தும் என்றிருந்ததை 50 ஆக்கினார்கள். குறித்த காலத்துக்கு மட்டும் வேலை என்பதற்குச் சட்டத் தகுதி கிடைத்துவிட்டது. ஒரு வருஷம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு என்பது அதில் உள்ள நல்ல அம்சம், அதை மறைக்க வேண்டியதில்லை.

இதன் பலனை நான் கவுண்டரில் பார்க்கிறேன். ஒரு பையனின் பாஸ்புக்கை எடுத்தால் மூன்று வருஷத்தில் மூன்று காண்டிராக்டர் பெயரில் சம்பளம் ஏறியிருக்கும். "எத்தனை கம்பெனிப்பா மாறின?" என்று கேட்டால், "இல்லண்ணா, அதே கேட்டு, அதே லைனு, பேட்ஜ்தான் மாறும்" என்பான். அவன் வீட்டுக்கடன் கேட்டால் நிரந்தர வேலைக் கடிதம் எங்கே என்று வங்கி கேட்கும். அவன் தகப்பனுக்குப் பட்டா இல்லாததால் கடன் இல்லை. இவனுக்கு நியமன உத்தரவு இல்லாததால் கடன் இல்லை. இரண்டு தலைமுறைக்கு ஒரே பதில்.

சரி, மூன்றாவது. சலுகை.

கம்பெனிக்கு அரசு கொடுப்பது என்ன? சிப்காட் நிலம். முத்திரைத்தாள் கட்டண விலக்கு. மின்வரி விலக்கு. முதலீட்டு மானியம் அல்லது கட்டிய வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது. இது யார் பணம்? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற நம் பணமும் சேர்ந்ததுதான். இந்தப் பணத்தை வாங்கும்போது கம்பெனி எழுதிக் கொடுக்கிறது, இத்தனை கோடி முதலீடு, இத்தனை பேருக்கு வேலை என்று. வருஷத்துக்கு எத்தனை கார் வெளியே போகிறது என்பது அரசுக்குத் தெரியும். அந்தக் காரைச் செய்கிறவர்களில் எத்தனை பேர் தலித், அவர்களில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் கழிவறை கழுவுகிறார்கள் என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் சட்டத்தில் இல்லை.

நான் முன்வைக்கிற சீர்திருத்தம் இதுதான். பொது நிலமும் பொதுப் பணமும் வாங்குகிற ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு ஒருமுறை தன் ஆட்களைச் சாதிப் பிரிவு வாரியாக எண்ணிக் கணக்குக் கொடுக்க வேண்டும். நிரந்தரம், காண்டிராக்ட், பயிற்சி, மேலாளர், துப்புரவு என்று தனித்தனியாக. காண்டிராக்டர் கொண்டுவருகிற ஆளும் கணக்கில் வர வேண்டும். கணக்கு வெளியிடப்பட வேண்டும். அது தெரிந்த பிறகு இத்தனை சதவீதம் என்று பேசலாம்.

இது நடக்கிற காரியமா என்பீர்கள். வட அயர்லாந்தில் நடந்தது. அங்கே கத்தோலிக்கருக்குக் கப்பல் கட்டும் தளத்திலும் ஆலைகளிலும் வேலை மறுக்கப்பட்டுவந்தது. 1989இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஆட்களில் கத்தோலிக்கர் எத்தனை, புராட்டஸ்டன்ட் எத்தனை என்று தனியார் முதலாளிகள் வருஷா வருஷம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பிறகு 10 பேருக்கு மேல் வைத்திருக்கிற சின்ன முதலாளிக்கும் அது பொருந்தியது. தென்னாப்பிரிக்காவில் 1998ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பெரிய முதலாளிகள் நிறவாரியாகக் கணக்குக் கொடுக்கிறார்கள். இங்கேயே 2007இல் உத்தரப் பிரதேசத்தில் மாயாவதி அரசு, அரசின் உதவி பெறும் தனியார் தொழில்களில் 10 சதவீதம் தலித்துகளுக்கு என்று கொள்கை அறிவித்தது. தனியார் என்றால் அரசியல் சட்டம் எட்டாது என்பதும் பொய். 2005இல் திருத்தம் கொண்டுவந்து தனியார் கல்லூரிகளில் இட ஒதுக்கீட்டுக்கு வழி செய்தார்கள்.

இனி எதிர்ப்புகளைப் பார்ப்போம்.

'இப்படிக் கேட்டால் கம்பெனி ஆந்திராவுக்குப் போய்விடும்' என்பார்கள். நோக்கியா 2014 நவம்பர் 1 அன்று மூடியது. வரித் தகராறு, மைக்ரோசாஃப்டுக்கு விற்பனை என்று காரணங்கள். யாரும் சாதிக் கணக்குக் கேட்டு அது போகவில்லை. எதுவும் கேட்காமல் இருந்தாலும் போகிறவன் போவான்.

'தகுதி, திறமை பார்த்துத்தான் எடுக்கிறோம்' என்பார்கள். 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே படிப்பு, ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறாக விண்ணப்பங்கள் போட்டார்கள். தலித் பெயருக்கு அழைப்பு குறைந்தது. பெயரில் என்ன திறமை இருக்கிறது?

'தொழிலாளியைச் சாதியாகப் பிரிக்காதீர்கள்' என்று இடதுசாரித் தோழர்கள் சொல்வார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் 37 நாள் நின்று சங்கத்தை நிலைநாட்டியபோது செங்கொடிதான் கூட நின்றது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் நஞ்சாகி ஃபாக்ஸ்கான் பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தபோது சங்கமே இல்லாத பெண்கள் இந்த வட்டாரத்தையே உலுக்கினார்கள். ஆனால் தோழரே, நிரந்தரம் ஒரு பந்தியிலும் காண்டிராக்ட் இன்னொரு பந்தியிலும் சாப்பிடுகிற இடத்தில், பிரிவினை ஏற்கெனவே பரிமாறப்பட்டுவிட்டது. யார் எந்தப் பந்தியில் என்று எண்ணினால்தான் சேர்ந்து உட்கார முடியும்.

நம்மிலேயே சிலர், 'வேலை கேட்காதே, வேலை கொடுக்கிறவனாக மாறு' என்கிறார்கள். 2002 போபால் பிரகடனம் அந்த வழியைக் காட்டியது. மத்திய அரசுத் துறைகள் கொள்முதலில் 4 சதவீதம் தலித், பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012இல் விதி வந்தது. வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வங்கி ஊழியனாகச் சொல்கிறேன். 2016இல் தொடங்கி 2025 மார்ச் வரை நடந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டத்தில் கிளைக்குக் குறைந்தது ஒரு தலித் அல்லது பழங்குடிக்குக் கடன் என்பதுதான் இலக்கு. கிளைக்கு ஒருவர்! மீதி ஜனம் ஷிப்ட் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதை எதிரி கேட்கவில்லை, நம் தங்கைகள் கேட்கிறார்கள். 'அண்ணா, கம்பெனியில்தான் என் சாதி யாருக்கும் தெரியாது. விடுதியில் எல்லோரோடும் ஒரே தட்டில் சாப்பிடுகிறேன். நீங்கள் எண்ணச் சொன்னால் தெரிந்துவிடாதா?' இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கணக்குத் தொடங்குகிற படிவத்தில் விலாசம் எழுதும்போது காலனி என்ற சொல்லை விட்டுவிட்டு எழுதுகிற கைகளை நான் பார்த்திருக்கிறேன். 2025 ஏப்ரலில் தமிழக அரசே அந்தச் சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. ஆகவே கணக்கு எடுக்கிற விதம் முக்கியம். சூப்பர்வைசர் கையில் படிவம் போகக் கூடாது. வெளியில் உள்ள ஓர் அரசு அலுவலகம் சான்றிதழைச் சரிபார்த்து, பெயர் இல்லாமல் மொத்த எண்ணிக்கையை மட்டும் வெளியிட வேண்டும். ரகசியத்தை உடைப்பவருக்குத் தண்டனை வேண்டும். இந்தப் பாதுகாப்பு இல்லாத கணக்கு எனக்கும் வேண்டாம். இதில் முடிவு சொல்ல வேண்டியவர்கள் அந்தத் தங்கைகள்தான். அவர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுங்கள், நாம் கேட்டுக்கொண்டு உட்காருவோம்.

கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1. சிப்காட் வளாகம் ஒவ்வொன்றுக்கும் எடுத்த நிலத்தில் பஞ்சமி நிலம் எது என்று சர்வே எண் வாரியாக வெளியிட வேண்டும். இருந்தால் அதே அளவு நிலம் அந்த ஊர் தலித் மக்களுக்குத் திரும்ப வேண்டும்.

2. நிலம் எடுக்கும்போது கூலித் தொழிலாளியையும் கணக்கெடுத்து, குடும்பத்துக்கு ஒரு நிரந்தர வேலை உறுதி செய்ய வேண்டும்.

3. சலுகை ஒப்பந்தத்திலேயே ஆள் கணக்கும் காண்டிராக்ட் வேலைக்கு உச்ச வரம்பும் எழுதப்பட வேண்டும். மீறினால் சலுகை திரும்ப வேண்டும்.

4. 2024இல் தமிழகம் இயற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் நிதியிலிருந்து இந்த வட்டாரத்துச் சேரிப் பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ. படிப்பும் தங்குமிடமும் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. தாலுகா அலுவலகத்தில் உங்கள் கிராமத்து அ-பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம்தான். நிபந்தனைப் பட்டா சர்வே எண்களை எழுதிக்கொள்ளுங்கள். சிப்காட் எடுத்த சர்வே எண்களை இன்னொரு மனுவில் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். தீர்மானத்தை எழுத மறுத்தால் மறுத்ததையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மனு எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எழுதித் தருகிறேன். அது எனக்கு நன்றாக வரும்.

ஜெய்பீம்.