பிள்ளை செய்த குற்றமும் பெற்றோர் பொறுப்பும்



பகாவ், ரந்தாவ், லிங்கி என்று எந்த வட்டாரத்துத் தோட்டமானாலும் இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. பதினான்கு வயது மகன், கூட்டாளிகளோடு செம்பனைக் குலை திருடியதாகப் போலீஸ் நிலையத்தில் இருக்கிறான். "பிள்ளை செய்தால் அப்பனைத்தான் உள்ளே போடுவார்கள்" என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துகிறார்கள். தகப்பனோ, "கோர்ட்டுக்கு வந்தால் ஒருநாள் சம்பளம் போய்விடும், நான் வரவில்லை" என்கிறார்.

இரண்டு பேச்சும் தவறு.

நம் நாட்டில் 1947-ஆம் ஆண்டுச் சிறுவர் நீதிமன்றச் சட்டத்துக்குப் பதிலாக, 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 2002 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் அனைவரும் இதன்படி சிறார். சிறாரைக் கைது செய்தால் போலீசார் உடனே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுக்குத் துணையாக இரண்டு ஆலோசகர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

மகன் திருடினான் என்பதற்காகத் தகப்பனைச் சிறையில் அடைக்க இச்சட்டம் சொல்லவில்லை. ஆனால் அபராதமோ நஷ்டஈடோ விதிக்கப்பட்டால், அதைப் பெற்றோரே கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். பிள்ளை தவறியதற்கு நம் கவனக்குறைவு காரணம் அல்ல என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், அந்தச் சுமை நம்மீது விழாது. அதைச் சொல்ல நமக்கு வாய்ப்பும் தரப்படும். அழைத்தும் போகாதவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. போகாமல் இருப்பதே ஒரு குற்றமும் ஆகும். ஒருநாள் சம்பளத்தைப் பார்த்தால் இழப்பது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

சமூகநல இலாகா அதிகாரி வீட்டுக்கு வந்து, குடும்பநிலை, பள்ளிப் படிப்பு, உடல்நலம் ஆகியவற்றை விசாரித்து அறிக்கை எழுதுவார். வெட்கப்பட்டு எதையும் மறைக்க வேண்டாம். விடியுமுன் வேலைக்குப் போகிறோம், பிள்ளையை யாரிடம் விட்டுப் போகிறோம் என்பதை உள்ளபடி சொல்வோம். ஏழ்மை வேறு, அக்கறையின்மை வேறு. ஆனால் இதை நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்?

சில வேளைகளில் பெற்றோர் பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டியிருக்கும். பிள்ளையோடு குறித்த நாள்களில் ஆஜராவது, பயிற்சிப் பட்டறைக்குப் போவது, மாதம் ஒருமுறை ஆசிரியரைக் காண்பது போன்றவை அதன் நிபந்தனைகள். மீறினால் அபராதம் உண்டு.

மோட்டார் சைக்கிள் கதை வேறு. பதினாறு வயதுக்கு முன் அதற்கு லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாத பையனிடம் சாவியைக் கொடுத்து ஓட்டவிட்டால், அது பிள்ளையின் குற்றம் மட்டுமல்ல, நம்முடைய சொந்தக் குற்றமும் ஆகும்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் மலேசியக் குடிமக்களுக்குக் குற்றவியல் வழக்குகளில் உதவி வருகிறது. போலீஸ் நிலையத்திலேயே அதைக் கேளுங்கள்.

நீதிமன்றத்தில் பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது நாம் அங்கே இருக்க வேண்டும். பிள்ளை திருந்துவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.