எந்தக் கோடு?



பார்வையற்றவர்கள் இணையதளங்களில் எங்கெங்கே தடுக்கி நிற்கிறார்கள் என்பதுதான் என் முதல் ஆய்வு. அதை ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். திரையில் ஒரு வரைபடம். "இந்தக் கோடு இங்கே எப்படி ஏறுகிறது, பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். முன்வரிசையில் வெள்ளைக்கோலை மடித்து மடியில் வைத்திருந்த பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார். "எந்தக் கோடு தம்பி? எங்கேர்ந்து எங்கே ஏறுது?" குரலில் கோபமே இல்லை, தெரிந்துகொள்ளும் ஆவல்தான். யாருக்காக அந்த ஆய்வைச் செய்தேனோ, அவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் கட்டுரையும் அவருக்கு உதவவில்லை. பிடிஎஃப்பில் தமிழ் எடுத்துக்காட்டுகளைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன். பாமினியில் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது, கணினிக்குள் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் அவருடைய திரைவாசிப்பான் 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்று படித்தது. அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து அத்தனையையும் யூனிகோடுக்கு மாற்றினேன். வரைபடத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்றுரையை எழுதத் தொடங்கினால், இரண்டு வரிகூட வரவில்லை. அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று எனக்கே அதுவரை தெளிவில்லை. எழுதி எழுதி அடித்த பிறகுதான் என் முடிவே எனக்குப் பிடிபட்டது.

எனக்கு இரண்டு வரியில் தடுக்கிய வேலை, டி.வி.ராமனுக்கு முழு ஆய்வாகவே இருந்தது. அவரைக் கணினித்துறை மாணவர்கள் அறிந்திருப்பீர்கள். 14 வயதில் பார்வையை இழந்தவர். மும்பை ஐஐடியில் படித்து, 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாட்டைக் காதால் படிக்க வைப்பதே அவர் ஆய்வு. அடுக்கு வந்தால் குரலின் சுருதி ஏறும், கீழொட்டு வந்தால் இறங்கும். தாளில் மேலும் கீழும் எழுதுவதை அவர் ஒலியில் எழுதிக் காட்டினார். இதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வராது. முதல்தரமான கணினி அறிவியல் இது.

அணுகல் பார்வையற்றவர்களுக்கு மட்டுமானதும் அல்ல. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்கின்றன இணைய அணுகல் வழிகாட்டு நெறிகள். வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பல் எழுத்தைப் போட்டால், பின்வரிசையில் இருக்கும் 60 வயதுப் பேராசிரியருக்கும்தான் தெரியாது. மின்னணு அணுகல் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று 2025 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது.

இன்று பட்டம் பெறும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என்விடிஏ என்ற திரைவாசிப்பானை, ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கினார். இன்றும் அது இலவசம். வீட்டுக்குப் போனதும் அதை நிறுவி, உங்கள் ஆய்வேட்டைத் திறந்து, திரையை அணைத்துவிட்டு முதல் பக்கத்தைக் கேளுங்கள். முகப்பில் தமிழில் அடித்திருக்கும் உங்கள் பெயர் உங்கள் காதில் எப்படி விழுகிறது என்று பாருங்கள்.