சரிவை அளக்காத அளவுகோல்

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் போக எத்தனையோ வழிகள் இருக்கின்றன. இன்றைக்கு இரண்டைப் பற்றி மட்டும் பேசலாம் என்றிருக்கிறேன். முதலாவது வாளையாறு. மேற்குத் தொடர்ச்சி மலை தானாக விலகி வழிவிட்ட பாலக்காட்டுக் கணவாய் அது. கோவையில் பேருந்து ஏறிக் கண்ணயர்ந்தவர் பாலக்காட்டில்தான் விழிப்பார். வழியில் ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது.

இரண்டாவது போடிமெட்டு. அங்கே தூக்கம் வராது. போடிநாயக்கனூரை விட்டு மலை ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிவதற்கு முன்னாலேயே தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறத் தொடங்கிவிடும். எல்லாம் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு. சாயங்காலம் அதே ஜீப்பில், அதே வளைவுகளில் இறங்கி வரவேண்டும்.

ஆக, ஒரு வாசல் சமவெளி, இன்னொரு வாசல் மலைச்சரிவு. இந்த இரண்டில் எங்கே சாலை போடும்போது சுற்றுச்சூழல் ஆய்வு கறாராக இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் மலையைத்தான் கைகாட்டும். நம்முடைய விதி கைகாட்டுவது வேறு பக்கம்.

எப்படி என்று சொல்கிறேன். 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கைதான் இன்றுவரை அடிப்படை. எந்தெந்தத் திட்டத்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்று அதில் பட்டியல் இருக்கிறது. புதிய தேசிய நெடுஞ்சாலை என்றால் கட்டாயம் வாங்க வேண்டும். இருக்கிற நெடுஞ்சாலையை அகலப்படுத்துவது என்றால் அதற்கு ஒரு வரம்பு. ஆரம்பத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 20 மீட்டருக்கு மேல் கூடுதல் அகலம் என்று இருந்தது. 2013 ஆகஸ்டில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது 100 கிலோமீட்டருக்கு மேல் நீளம் இருக்க வேண்டும். பழைய தடத்திலேயே 40 மீட்டருக்கு மேல் கூடுதலாக நிலமும் எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஆய்வு, பொதுமக்கள் கருத்துக்கேட்பு எல்லாம்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பாலக்காட்டுக்குப் போவோம். பாலக்காடு மருதரோட்டிலிருந்து கோழிக்கோட்டுப் பக்கம் பந்தீராங்காவு வரை சுமார் 121 கிலோமீட்டர் நீளம், 45 மீட்டர் அகலத்தில் ஒரு பசுமைவழிச் சாலை திட்டமிட்டிருக்கிறார்கள். அது முற்றிலும் புதிய தடம். அதனால் ஆய்வு வளையத்துக்குள் வந்துவிடுகிறது. நல்லது. வயலும் தென்னந்தோப்பும் போகிற இடத்தில் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

இப்போது அதே அளவுகோலோடு இடுக்கிக்கு வருவோம். கொச்சியிலிருந்து மூணாறு, போடிமெட்டு வழியாகத் தொண்டி வரை போகும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதில் மூணாற்றுக்கும் போடிமெட்டுக்கும் இடையே ஏறக்குறைய 42 கிலோமீட்டரை அகலப்படுத்தினார்கள். 42 என்பது 100 ஆகாது. கூடுதல் அகலமோ 40 மீட்டரின் பக்கத்தில்கூட வராது. மலையில் ஏது அவ்வளவு இடம்? ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இங்கே 5 மீட்டர் அகலம் கூட்டுவதற்கு மலையை எத்தனை மீட்டர் உயரத்துக்குச் செதுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் கேள்வியே. விதியில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை. நீளம் உண்டு, அகலம் உண்டு, உயரமும் சரிவும் இல்லை.

தேவிகுளத்துக்கும் சின்னக்கானலுக்கும் நடுவே கேப் ரோடு என்று ஓர் இடம். சுற்றுலா போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேகம் சாலைமேல் வந்து உட்காரும். அங்கே பாறைக்கு வெடி வைத்து வேலை நடந்தபோது 2019லும் 2020லும் மலை பெரிதாகச் சரிந்தது. மாதக்கணக்கில் போக்குவரத்து நின்றது. கீழே பைசன்வாலிப் பக்கத்து விளைநிலங்கள் மேல் பாறை வந்து விழுந்தது. முறைப்படி வெடி வைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. சாலை முடிந்து, இப்போது வண்டிகள் வழுக்கிக்கொண்டு போகின்றன. சாலை நன்றாகத்தான் இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

நான் சாலைக்கு எதிரி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தோட்டத்தில் பிரசவ வலி வந்த பெண்ணுக்கு அகலமான சாலையின் அருமை நம்மைவிட நன்றாகத் தெரியும். 2020 ஆகஸ்டில் ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மண்ணோடு போனார்களே, அன்றைக்கு மீட்புப் படை போய்ச் சேரத் தாமதமானதற்கு வழியில் பெரியவரைப் பாலம் உடைந்துகிடந்ததும் ஒரு காரணம். மலையில் சாலைதான் உயிர். அதனால்தான் அந்தச் சாலை எப்படிப் போடப்படுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. இன்றைக்கு நாம் போகிற நேரியமங்கலம், அடிமாலி வழி முதலில் இருந்த வழியே இல்லை. ஆலுவாவிலிருந்து மூணாற்றுக்குப் பூயங்குட்டிக் காட்டு வழியாக வேறொரு சாலை இருந்தது. 1924 வெள்ளத்தில் மலை இடிந்து அந்தச் சாலை போய்விட்டது. அதே வெள்ளத்தில்தான் மூணாற்றில் ஓடிக்கொண்டிருந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் போனது. பிறகுதான் இந்தப் புதிய தடம் வந்தது. பெரியாற்றின் குறுக்கே நேரியமங்கலம் பாலத்தை 1935ல் திறந்தார்கள்.

அந்த நேரியமங்கலத்திலிருந்து வாளறை வரை ஏறக்குறைய 14 கிலோமீட்டர் காட்டு வழி. அங்கே இன்னொரு சண்டை. வனத்துறை அது காடு என்கிறது. ராஜா காலத்திலேயே சாலைக்கென்று ஒதுக்கிய நிலம், காடு அல்ல என்கிறார்கள் ஊர்க்காரர்கள். வன அனுமதி இல்லாமல் அகலப்படுத்தக் கூடாது என்று வந்த வழக்கில் 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் வேலையை நிறுத்திவைத்தது. அடிமாலியில் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். எனக்கு அவர்கள் கோபம் புரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய காட்கில் அறிக்கை, கஸ்தூரிரங்கன் அறிக்கை வந்த நாளிலிருந்து இடுக்கிக்காரர்களுக்குச் சுற்றுச்சூழல் என்றாலே, வீட்டையும் பட்டாவையும் பறிக்க வருகிற சொல்லாகத்தான் கேட்கிறது. அந்தப் பயத்தைப் போக்காமல் எந்த விதியும் அங்கே எடுபடாது. ஆனால் வனச் சட்டம் கேட்பது நிலம் காடா, இல்லையா என்பதைத்தான். காடு இல்லை என்று முடிவானாலும் மலை மலைதானே?

வாளறை தாண்டி, அடிமாலிக்கு அந்தப் பக்கம் கூம்பன்பாறை. 2025 அக்டோபர் 25 இரவு அங்கே சாலைக்காக மலையை வெட்டிய இடத்துக்கு மேலே சரிவு ஏற்பட்டது. விரிசல் கண்டு குடும்பங்களை ஏற்கெனவே முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும் இடிபாட்டில் மாட்டிக்கொண்டார்கள். கணவர் இறந்தார். மனைவியைப் பலத்த காயங்களோடு மீட்டார்கள். அது காட்டு நிலம் அல்ல, குடியிருப்பு. வனச் சட்டம் அங்கே எட்டிப் பார்க்காது.

மலைச்சரிவு எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடியில் பாறை, அதன்மேல் சில அடியோ பல அடியோ மண். அந்த மண்ணின் பாரத்தை அடிவாரம் தாங்கிக்கொண்டிருக்கிறது. சாலைக்காக நாம் வெட்டுவது அந்த அடிவாரத்தை. வெட்டிவிட்டுப் படிப்படியாகச் சரித்துவிட்டால் மண் நிற்கும். செங்குத்தாக விட்டுவிட்டால் மழைக்காலம் வரைதான் நிற்கும். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் பாறைக்கு மேல் தேங்கி, மேலே இருப்பதை வழுக்கிவிடும். அதனால்தான் சாலையோரத் தாங்குசுவர்களில் வரிசையாகக் குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்த முறை போடிமெட்டு ஏறும்போது பாருங்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு அந்தக் குழாய்களில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் சுவர் வேலை செய்கிறது என்று அர்த்தம். மழைக்குப் பிறகும் முனைகள் உலர்ந்து, சுவர் வெளிப்பக்கம் புடைத்துத் தெரிந்தால் அதற்குக் கீழே வண்டியை நிறுத்தி டீ குடிக்காதீர்கள்.

வெட்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள் என்பது அடுத்த கேள்வி. லாரி வாடகை மிச்சம் என்று பள்ளத்தில் தள்ளிவிட்டால், அது ஓடையை அடைத்து, அடுத்த மழையில் கீழே இருப்பவர் தோட்டத்துக்கு வரும். இந்திய சாலைக் காங்கிரசின் மலைச்சாலைக் கையேட்டில் இதற்கெல்லாம் வழிமுறை இருக்கிறது. கையேட்டை மீறியவரை எந்த ஊர்க்கூட்டத்தில் வைத்துக் கேட்பது? அந்தக் கூட்டத்துக்குத்தான் வழி இல்லையே.

இது நம் மலைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. உத்தராகண்டில் சார்தாம் சாலைத் திட்டம், கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர். அதை 53 துண்டாக நறுக்கினார்கள். ஒரு துண்டும் 100 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. முழுத் திட்டத்துக்குமான ஆய்வு நடக்காமலே இமயமலையில் வேலை ஆரம்பித்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2019ல் ரவி சோப்ரா தலைமையில் நிபுணர் குழு அமைத்தார்கள். வெட்டிய பிறகு வந்த குழு அது.

விதியைத் தளர்த்துகிற வேகத்துக்கு இன்னோர் உதாரணமும் சொல்ல வேண்டும். கொரோனா ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே, 2020 மார்ச் 28 அன்று, சாலை மாதிரியான நீள்வடிவத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க முன் அனுமதி தேவையில்லை என்று ஓர் அறிவிக்கை வந்தது. யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. எவ்வளவு மண், எத்தனை ஆழம் என்ற வரம்பும் இல்லை. கேரளத்துக்காரரான நோபிள் பைக்கடா தொடுத்த வழக்கில் 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் குன்றுகளைக் கரைத்துச் சாலைக்கு மண் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் எடை தெரியும்.

சரி, கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கிற இடத்தில் என்ன உரிமை? 30 நாள் முன்பே விளம்பரம் செய்ய வேண்டும். ஆய்வுச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை தாங்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை நடத்தும். அத்தனையும் வீடியோவில் பதிவாக வேண்டும். கிடைத்த அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றினார்களா என்று ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 என இரண்டு தடவை அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். பாலக்காட்டுப் புதுச் சாலை விஷயத்தில் இவை எல்லாம் கைக்கு எட்டுகிற உரிமைகள். ஆனால் உள்ளூர் மொழி என்றால் கேரளத்தில் மலையாளம் என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைத் தோட்டங்களில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது எந்த அளவுக்கு உதவும்?

மலையில் அகலப்படுத்தும் வேலைக்கு இந்தக் கூட்டமும் இல்லை, அறிக்கையும் இல்லை. மிச்சம் இருப்பது தகவல் உரிமைச் சட்டம். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் மத்திய அரசின் கீழ் வருவதால் கட்டணம் 10 ரூபாய். விண்ணப்பிக்கிற பகுதியின் ஆட்சிமொழியில் எழுதலாம் என்று சட்டம் சொல்கிறது. தேனி மாவட்டத்திலிருந்து அனுப்புகிறவர் தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். விரிவான திட்ட அறிக்கையில் சரிவுப் பாதுகாப்பு பற்றி எழுதியிருக்கும் பக்கங்களின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் வெட்டுகிறார்கள், வெட்டிய மண்ணைக் கொட்ட ஒதுக்கிய இடங்கள் எவை, தாங்குசுவர் எங்கிருந்து எங்கே வரை என்று கிலோமீட்டர் கல் எண்ணோடு கேளுங்கள். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிவிடும். ஏப்ரலுக்குள் விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்துவிட்டால் பதில் மழைக்கு முன் கைக்கு வரும்.