நாகவல்லியும் சந்திரமுகியும்



நம் ஆரணியை அடுத்த பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார் காலத்து மாளிகை ஒன்று சிதைந்து, புதர் மண்டிக் கிடப்பதை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். ஆளில்லாத அரண்மனை என்றாலே அதற்குள் ஒரு பெண்ணையும், அவளுக்கு இழைக்கப்பட்ட ஓர் அநியாயத்தையும், அதற்குப் பழிவாங்கக் காத்திருக்கும் ஓர் ஆவியையும் குடியேற்றிவிடுவது ஜனங்களுடைய மனத்தின் இயல்பு. அவ்விதம் குடியேற்றப்பட்ட ஆவிகளிலே தென்னாட்டில் மிகுந்த பிரசித்தி பெற்ற ஒருத்தியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மலையாளத்தில் அவள் பெயர் நாகவல்லி, தமிழில் சந்திரமுகி.

1993-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஃபாசில் இயக்கி வெளிவந்த ‘மணிச்சித்ரத்தாழ்’ என்னும் படத்தை எழுதியவர் மது முட்டம். ஆலும்மூட்டில் என்னும் பழங்குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு துயரச் சம்பவத்தை ஒட்டி எழுந்த அந்தக் கதை, பத்மநாபபுரம் அரண்மனையிலும் திருப்பூணித்துறை மலை அரண்மனையிலும் படமாக்கப்பட்டு, கங்காவாகவும் நாகவல்லியாகவும் நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. அதையே பி. வாசு 2004-இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ என்றும், 2005 சித்திரைப் புத்தாண்டு நாளில் தமிழில் ‘சந்திரமுகி’ என்றும் ஆக்கினார். மூலப் படத்தின் ஒரு பகுதியை உடனிருந்து இயக்கிய பிரியதர்ஷன் 2007-இல் அதை இந்திக்குக் கொண்டு சென்றார். நம் சந்திரமுகியோ சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடினாள்.

ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்வது இழிவு என்று நெசவாளர்கள் வாழும் இந்த ஊரில் நின்று யாரும் சொல்ல முடியாது. ஒரு தறியில் ஓடிய அட்டைக் கட்டை வேறொரு தறியின் ஜக்கார்டு பெட்டியில் ஏற்றினால் அதே அன்னமும் அதே மாங்காயும் விழத்தான் விழும். ஆயினும் பாவின் முறுக்கும், சாயமும், ஊடையை அடிக்கிற கையும் வேறாகையால் சேலை வேறாகிவிடுகிறது என்பதை, வாங்குகிறவர் முந்தியைத் தடவிப் பார்த்த மாத்திரத்தில் உணர்வார். ஆகவே ‘இது நகல், அது அசல்’ என்று சொல்லி முடித்துவிடாமல், கை மாறியபோது எது மிஞ்சியது, எது கழன்று விழுந்தது என்று நிதானமாகப் பார்ப்பதே ரசிகனுடைய கடமை.

மூலப் படத்தில் ஒரு காட்சி. தன்னை நாகவல்லியாகவே எண்ணிக்கொள்ளும் கதாநாயகி கங்கா வெளியே போகப் புறப்படுகிறாள். போக வேண்டாம் என்று கணவன் தடுக்கிறான். இவ்வளவுதான் சந்தர்ப்பம். பேய் வரும் என்று அறிவிக்கும் மின்னலில்லை, காற்றில்லை. தன்னைப் போகவிட மாட்டாயா என்று அவள் கேட்கத் தொடங்கும்போது அந்தக் குரல் இன்னும் மனைவியின் குரல்தான். சொல்லுக்குச் சொல் அது தடித்து, புருவம் ஏறி, கண் நிலைகுத்தி, கடைசியில் அங்கிருந்த கட்டிலை ஒரு கையால் தூக்கி நிறுத்துகிறபோதுதான், நாம் இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்த சாதுவான பெண்ணுக்குள் எவ்வளவு பெரிய பிரளயம் அடைபட்டுக் கிடந்தது என்பது நமக்குத் தெரிகிறது. பயம் வருகிறது, பயத்தோடு கூடவே கருணையும் வருகிறது. அந்தக் கருணைதான் அப்படத்தின் உயிர். குழந்தைப் பருவத்தில் பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்த தனிமையையும், வேலையே கதியாகக் கிடக்கும் கணவனுடைய வீட்டில் அது மறுபடி தலைதூக்கிய விதத்தையும் பொறுமையாக எடுத்துச் சொல்லி, இது பேயன்று, புண்பட்ட மனம் என்று அந்தப் படம் நமக்கு நிரூபிக்கிறது. மோகன்லால் நடித்த மனநல மருத்துவர் வெகு நேரம் கழித்தே கதைக்குள் வருகிறார். அவர் வருவதற்குள் கங்கா நமக்கு வீட்டுப் பெண்ணாகிவிடுகிறாள்.

சந்திரமுகியில் அந்த வரிசை தலைகீழாகிறது. ரஜினிகாந்த் சண்டையோடும் பாட்டோடும் முதலிலேயே வந்துவிடுகிறார். அரண்மனையில் காரணமின்றி ஒரு பெரும் பாம்பு ஊர்கிறது. இங்கே கங்காவாக நடித்த ஜோதிகாவின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லேன்: மை அப்பிய அந்த அகன்ற விழிகளைத் தமிழ்நாடு மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. சந்திரமுகியை அழித்த மன்னன் வேட்டையனாக வந்து ரஜினி செய்த கொடூரமும், தம் புகழைப் பணயம் வைத்துச் செய்த துணிகரமான காரியமே. ஆனால் நாயகனுடைய பராக்கிரமம் விரிய விரிய, கங்காவின் தனிமை சுருங்கிக்கொண்டே போகிறது. அவள் ஏன் அப்படியானாள் என்ற கேள்வியைவிட, அவர் எப்படி அடக்குவார் என்ற கேள்வியே பெரிதாகிவிடுகிறது. என் அபிப்பிராயத்தில் அந்தப் படத்தின் குறை இதுவே.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலையாளப் படத்தில் ஆவியாக வரும் நாகவல்லி தஞ்சாவூர்த் தமிழ்ப் பெண். அவள் பாடுகிற தமிழ் வரிகளை எழுதியவர் நம் வாலி. அதே கதை தமிழுக்கு வந்தபோது அவள் தெலுங்கு பேசினாள். இந்திக்குப் போனபோது வங்காளியானாள். ஒவ்வொரு தேசத்தாரும் தங்கள் அரண்மனையில் நடந்த அநியாயத்தைத் தங்கள் மகள்மேல் ஏற்றிப் பார்க்க மனமின்றி, அண்டை நாட்டுப் பெண்மேல் ஏற்றிவிடுகிறார்கள் போலும்! தமிழோடு தெலுங்கும் சௌராஷ்டிரமும் ஒரே தெருவில் கேட்கிற இந்த ஊரில், அந்த நாட்டியக்காரி யாருக்கும் அந்நியள் அல்லள். நாட்டியம் பயின்ற ஏழைப் பெண் ஒருத்தியை அதிகாரம் படைத்தவன் தன் சொத்தாக நினைத்தான், அவள் வேறொருவனை நேசித்ததற்காக அவளை அழித்தான். இந்தச் சரித்திரத்துக்குப் பாஷை பேதம் கிடையாது.

2023-இல் வந்த ‘சந்திரமுகி 2’ இவ்வளவையும் உதறிவிட்டது. அதில் ஆவி மெய்யாகவே ஆவி. மனநோய் என்று துணிந்து சொன்ன கதை, முப்பது ஆண்டுகளில், வெறும் பேய்க்கதையாகத் திரும்பி வந்து நின்றதைப் பார்த்து நான் மிகவும் வருந்தினேன்.

இதில் வருந்த என்ன இருக்கிறது, படம் படந்தானே என்பீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த காரணத்தால் ஓட முடியாமல் 28 மனநோயாளிகள் மாண்டார்கள். அவர்களில் எத்தனை பேரைப் ‘பேய் பிடித்தது’ என்று சொல்லி அங்கே கொண்டுவந்து விட்டார்களோ! அந்தத் துயரம் நடந்து நான்கு ஆண்டுகளுக்குள் சந்திரமுகி வந்தது. பாம்பும் பாட்டும் இருந்தபோதிலும், பேய் இல்லை, நோய் உண்டு, நோய்க்கு வைத்தியம் உண்டு என்ற வார்த்தையை அது பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த ஒன்றுக்காக அதன் மற்றக் குறைகளை மன்னிக்க நான் தயார். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் செய்த காரியத்தைக் கலை கெடுக்கலாகாது.

படவேட்டு ரேணுகாம்பாள் சந்நிதியில் ஆடி வெள்ளியன்று அருள் வந்து ஆடுகிற தாய்மார்களை நான் குறை சொல்ல வரவில்லை. மணிச்சித்ரத்தாழிலும் பூசை செய்ய வரும் தந்திரியை மூடராகக் காட்டவில்லை. திலகன் நடித்த அந்தப் பெரியவர் மருத்துவரோடு கைகோத்து நின்றே கங்காவை மீட்கிறார். பக்தியும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று அத்தனை மரியாதையாகச் சொன்ன படத்தை நான் வேறு கண்டதில்லை.

மூலப் படம் புதுப்பிக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் மறுபடி திரையரங்குகளுக்கு வந்தது. இந்த மன்றத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு படங்களையும் அடுத்தடுத்துத் திரையிட்டு, மது முட்டத்தின் பெயரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். தாய்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம்: வீட்டில் ஒருத்தி தூக்கமிழந்து, தனக்குள்ளே பேசிக்கொண்டு, ஆள் மாறிப்போனால், கோயிலுக்கு அழைத்துப் போங்கள், அதே வாரத்தில் அரசு மருத்துவமனைக்கும் அழைத்துப் போங்கள். அதற்கும் முன்னே யாரையாவது கேட்க வேண்டுமானால், 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை காசில்லாமல் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.